நிறத்துக்கும் கட்சிக் கொடி

2024 நவம்பரில் கர்நாடகத்தில் சென்னபட்டணா இடைத்தேர்தல். ஓசூர்க்காரர்களுக்கு அது அக்கம்பக்கத்துத் தொகுதி மாதிரிதான். பெங்களூரு பேப்பரும் கன்னட டிவியும் இங்கேயும் ஓடுகின்றன. பிரச்சாரத்தில் கர்நாடக அமைச்சர் ஜமீர் அகமது கான், மத்திய அமைச்சர் குமாரசாமியை ‘காலியா குமாரசாமி’, அதாவது கறுப்பு குமாரசாமி, என்றார். எதிர்ப்பு கிளம்பியதும் சொன்ன விளக்கம் இன்னும் ரசமானது: நாங்கள் பழைய சிநேகிதர்கள், அவர் என்னைக் ‘குள்ளா’ என்பார், நான் ‘கரியண்ணா’ என்பேன், எல்லாம் அன்புதான், மனம் நோக வைத்திருந்தால் மன்னியுங்கள். தேர்தலில் அவருடைய காங்கிரஸே ஜெயித்தது. பேச்சும் அதோடு அடங்கிப்போனது.

குமாரசாமிக்கு இதில் ஒன்றும் குறையவில்லை. முன்னாள் பிரதமரின் மகன், இரண்டு முறை முதல்வராக இருந்தவர். அடி விழுந்தது வேறு ஆள் மேல். ஓசூர் சிப்காட்டில் ஷாப் ஃப்ளோரிலேயே தலை நரைத்தவன் நான். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நாலும் கலந்து புழங்கும் இடம் அது. கறுப்பாக ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்தால் நாலு மொழியிலும் அவனுக்குப் பட்டப்பெயர் தயாராக இருக்கும். அமைச்சரே மேடையில் சொல்லிவிட்ட பிறகு, கேன்டீனில் அவன் யாரிடம் போய் முறையிடுவான்? கூடச் சேர்ந்து சிரிக்க வேண்டியதுதான்.

தோற்றத்தைக் கேலி செய்வதெல்லாம் பாவம் என்று நான் சொல்லவில்லை. ஓசூரை ஒட்டிய தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜியின் வழுக்கையும் கறுப்புக் கண்ணாடியும் கார்ட்டூன் போடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். அதனால் ஊரில் கண்ணாடி போட்ட எவன் வீட்டிலும் கல்யாணம் நின்றதில்லை. நிறத்தால் நின்ற கல்யாணங்களை எங்கள் தெருவிலேயே காட்டுவேன். அமெரிக்காவிலும் இந்தக் கணக்கு உண்டு. ஜார்ஜ் புஷ்ஷைக் குரங்காக வரைந்தபோது அது நையாண்டி. ஒபாமாவை வரைந்தபோது அடிமைக் காலமே எழுந்து வந்தது.

இதில் என்னை உறுத்துவது நம்முடைய கோபம். அதற்குக் கட்சி இருக்கிறது. 2017 ஏப்ரலில் பாஜகவின் தருண் விஜய், இந்தியர்கள் நிறவெறியர்கள் அல்ல என்று அல் ஜசீராவில் வாதாடப்போய், அப்படியிருந்தால் தென்னிந்தியர்களோடு எப்படி வாழ்வோம், நம்மைச் சுற்றிக் கறுப்பர்கள் இருக்கிறார்களே என்றார். ஹரித்வாரில் திருவள்ளுவர் சிலை வைக்க அலைந்தவரும் இவரேதான். காங்கிரஸ் கொதித்தது. 2024 மே மாதம் காங்கிரஸின் சாம் பிட்ரோடா, தெற்கே இருப்பவர்கள் ஆப்பிரிக்கர் மாதிரி, கிழக்கே இருப்பவர்கள் சீனர் மாதிரி என்றார். இப்போது பாஜக கொதித்தது. பிரதமரே மேடையில் பொங்கினார். பிட்ரோடா கட்சிப் பதவியிலிருந்து விலகினார். தேர்தல் முடிந்தது, அந்த ஜூன் மாதமே அதே பதவியில் மறுபடி உட்கார்ந்தார். இந்த நாட்டின் பன்மையைப் புகழ்வதாக நினைத்துத்தான் மனிதர் பேசினார் என்பது வேறு கதை. ஆப்பிரிக்கர் மாதிரி என்றால் ஏன் அது வசவு ஆகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டவர்களின் மனசும் வெளியே வந்திருக்கும்.

தமிழ்நாட்டைப் பற்றிப் பெருமை பேச எனக்கும் ஆசைதான். கறுப்புச் சட்டையைக் கொள்கையாகப் போட்ட மண், காமராஜரைக் ‘கறுப்பு காந்தி’ என்று தூக்கி வைத்த மண். அங்கேதான் தமிழிசை சௌந்தரராஜன் பாஜக மாநிலத் தலைவராக இருந்த காலத்தில் அவர் நிறத்தையும் உயரத்தையும் சுருட்டை முடியையும் வைத்து மீம் மேல் மீம் வந்தது. அவர் அரசியல் எனக்கு ஆகாது. அவரோடு சண்டை போடக் கொள்கையிலேயே போதுமான சரக்கு இருந்தது. அதற்குக் கொஞ்சம் படிக்க வேண்டும், அவ்வளவுதான். தருண் விஜய்யைத் திட்டி எனக்கு வாட்ஸ்அப் அனுப்பிய அதே நண்பர்கள்தான் தமிழிசையின் தலைமுடிப் படத்தையும் அனுப்பினார்கள்.

இன்றைக்கு சிப்காட் கேட்டில் ஷிஃப்ட் விடும்போது அசாம், ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள்தான் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். பிட்ரோடா விவகாரத்தில் ‘நம்மைக் கேவலப்படுத்திட்டான் ஐயா’ என்று என்னிடம் குமுறிய ஒரு சூப்பர்வைசர், தன் லைனில் நிற்கும் அசாம் பையனை ‘டேய் சைனா’ என்றுதான் கூப்பிடுகிறார். “அவன் பேரு என்னப்பா?” என்று கேட்டேன். “வாயில நுழையாத பேருங்க ஐயா” என்றார். அவனுக்காக எந்தக் கட்சியும் ராம் நகர் அண்ணா சிலை பக்கம் கண்டனக் கூட்டம் போடப்போவதில்லை. அவன் ஓட்டு அசாமில் இருக்கிறது.