டங்கன் பார்த்த முகங்கள்

சுங்கைப் பட்டாணியில் கல்யாணப் படமும் இடையிடையே குறும்படமும் எடுப்பது என் தொழில். இந்தத் தொழிலில் நான் குருவாக நினைப்பது எல்லிஸ் ஆர். டங்கனை. 1909இல் ஓஹாயோவில் பிறந்த அமெரிக்கர். கலிபோர்னியாவில் சினிமா படித்துவிட்டு, கூடப் படித்த மாணிக்லால் டாண்டனோடு 1935இல் இந்தியா வந்தார். தமிழ் தெரியாமலே பதினைந்து ஆண்டுகள் தமிழ்ப் படம் எடுத்தார்.

அவருடைய 'சதிலீலாவதி' (1936) எம்.ஜி.ஆருக்கு முதல் படம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதன் நாயகன் இலங்கைக்குத் தப்பி ஓடித் தேயிலைத் தோட்டக் கூலியாகிறான். கெடா தோட்டத்து லயத்தில் பிறந்த எனக்கு அந்தக் கதை அந்நியமில்லை.

ஆனால் நான் தொழில் கற்றது 'மீரா'வில் (1945). படப்பிடிப்புக்கு முன் எம்.எஸ். சுப்புலட்சுமியின் தலையைப் பிளாஸ்டர் சிலையாக வார்க்கச் சொன்னார் டங்கன். ஒளிப்பதிவாளர் ஜித்தன் பானர்ஜியும் அவரும் விளக்கை மேலே, கீழே, பக்கவாட்டில் என்று மாற்றி மாற்றி வைத்து அந்தச் சிலையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். எந்த வெளிச்சத்தில் அந்த முகம் எப்படி மாறுகிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் எம்.எஸ்ஸைக் கேமரா முன் நிறுத்தினார்கள். அந்தப் பொறுமையை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கும்.

கித்தாக் காட்டில் படம் எடுத்தவர்களுக்கு அதன் அருமை புரியும். இலை அடர்ந்த மாதங்களில் பகலிலும் மரத்தடி மங்கிக் கிடக்கும். நிரை முடிகிற இடத்தில் மட்டும் வெயில் கொட்டும். கேமராவை ஆட்டோவில் விட்டால் அந்த வெயிலுக்குத் தோதாக இறங்கி, பால்வெட்டுகிற அம்மாவின் முகத்தைக் கரியாக்கிவிடும். பவுடர் பூசி வெளுப்பாக்கச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. ஒரு வெள்ளைத் துணியைச் சட்டகத்துக்கு வெளியே, அவர் நெஞ்சளவில் பிடித்தால் போதும். கன்ன எலும்பில் வெளிச்சம் ஏறி, கருத்த முகம் மினுங்கும்.

'மந்திரி குமாரி'யில் (1950) மனைவியை மலையுச்சிக்கு அழைத்துப் போய்த் தள்ளிவிடப் பார்க்கிறான் கணவன். கடைசியாக மூன்று முறை வலம்வர அனுமதி கேட்டு, அவள் அவனைத் தள்ளிவிடுகிறாள். கலைஞரின் வசனத்துக்குப் பேர்போன படம். அந்தக் கட்டத்தை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள், ஒன்றும் குறையாது. மொழி தெரியாத இயக்குநருக்குக் கண்தான் காது. நம் ஊர்க் குறும்படங்களில் வசனம் அதிகம். இரண்டு பேரைச் சுவரோரம் நிறுத்திப் பேசவிட்டுவிடுகிறோம்.

அந்த ஆண்டே டங்கன் அமெரிக்கா திரும்பினார். மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் தங்கி ஆவணப் படங்கள் எடுத்தார், 2001இல் காலமானார்.

இப்போது பீடோங் பக்கம் ஒரு பாட்டியை வைத்துக் குறும்படம் எடுக்கிறோம். வசனத்தாளை மூடி வைத்துவிட்டு, வாசலிலும் அடுப்படியிலும் அவரை உட்காரவைத்து வெளிச்சம் மட்டும் பார்த்தோம். அவருக்கு இடக் கன்னம்தான் பேசுகிறது. ஜன்னல் அந்தப் பக்கம் வருகிற மாதிரி வேறு வீடு தேடச் சொல்லியிருக்கிறேன்.