தட்டிப் பார்த்த முதுகு

சென்ற விடுமுறையில் பாட்டிக்கு மூச்சு வாங்கியது. மருத்துவமனை என்றாலே மறுத்துவிடுவார். மருத்துவ மாணவன் என்ற துணிவில் அவர் முதுகில் இடக்கை நடுவிரலைப் பதித்து, வலக்கை நடுவிரலால் தட்டிப் பார்த்தேன். மேலே ‘டொம் டொம்’. வலப்பக்க அடியில் ‘மொத் மொத்’.

இம்முறையை 1761-இல் நூலாக வெளியிட்டவர் வியன்னா மருத்துவர் லியோபோல்ட் ஔவன்புருக்கர். விடுதிக்காரரின் மகன். மதுப் பீப்பாயைத் தட்டி அளவறிவதை இளமையில் கண்டிருப்பார் என்பர். அவர் விரல் நுனிகளால் நேரே நெஞ்சில் தட்டினார். 1826-இல் பிரெஞ்சு மருத்துவர் பியோரி, உடல்மேல் வைத்துத் தட்டத் தந்தத் தகட்டைக் கொண்டுவந்தார். 1841-இல் ஜெர்மானியரான வின்ட்ரிக் சிறு சுத்தியலைச் சேர்த்தார். காலப்போக்கில் தகட்டின் வேலையை விரலே செய்யத் தொடங்கியது. சுத்தியல் முழங்காலைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டது.

“என்னய்யா சொல்லுது?” என்றார் பாட்டி.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தவன் நான். ஆனால் நுரையீரலைப் பற்றிப் படித்ததெல்லாம் மலாயும் ஆங்கிலமும்தான். வாயில் வந்தது ஆங்கிலச் சொல். அதை விழுங்கிவிட்டு யோசித்தேன்.

“தோம்பைத் தட்டி, தண்ணி எதுவரைக்கும் இருக்குன்னு பார்ப்பீங்களே பாட்டி, அந்த மாதிரிதான். இங்க தண்ணி நிக்கிற சத்தம் கேட்குது.”

சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, “காலையில கூட்டிட்டுப் போ” என்றார்.

எக்ஸ்ரேயில் நுரையீரலைச் சுற்றி நீர் தெரிந்தது. தட்டத் தெரிந்தது படிப்பால். பாட்டி என்னோடு புறப்பட்டது தமிழால்.