கள்ளச்சாவி

திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர். அதனால்தானோ என்னவோ, இன்ஸுலினைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சாவியின் நினைவே வருகிறது. ரத்தத்திலுள்ள சர்க்கரை தசைக்குள் நுழையக் கதவைத் திறந்துவிடுவது அதுதானே!

1921-இல் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் கண்டெடுத்த அந்தச் சாவியால் பிழைத்திருப்பவர்கள் கோடிக்கணக்கானோர். என் தமையனாரும் ஒருவர். ஆனால் எங்கள் தெருவில் எடை தூக்கிப் பழகும் பையன் ஒருவன், நோயே இல்லாமல் அதைக் குத்திக்கொள்ளப் பார்க்கிறான். சதை திரளுமாம்!

"பரிசோதனையிலே தெரியாதாமே, மாமா?" என்றான்.

"யார் சொன்னது?" என்றேன்.

சீக்கிரம் வேலை செய்யவேண்டுமென்று சில மருந்துகளில் சாவியின் பல்லையே சற்று மாற்றியிருக்கிறார்கள். 'லிஸ்ப்ரோ'வில் 51 அமினோ அமிலங்களில் இரண்டு இடம் மாறியிருக்கும். சிறுநீரில் துளி இருந்தாலும் சோதனைச்சாலைக் கருவி காட்டிக்கொடுத்துவிடும். மனித இன்ஸுலினின் அசல் நகலைப் பிடிப்பதுதான் சிரமம். அதற்கும் தடயம் உண்டு. உடம்பு தானே சுரக்கும்போது 'ஸி-பெப்டைட்' என்ற துண்டும் கூடவே வரும். ஊசிமருந்தில் அது கிடையாது. ரத்தத்தில் இன்ஸுலின் மிகுந்து, துண்டு குறைந்திருந்தால் வைத்தியர்களுக்குச் சந்தேகம் தட்டிவிடும்.

பையன் பிடிபடுவதைப் பற்றியே கவலைப்பட்டான். எனக்கோ வேறு கவலை. சர்க்கரை சட்டென்று இறங்கினால் மூளை பட்டினி கிடக்கும். மயக்கம், வலிப்பு, சமயத்தில் உயிரே போய்விடும்.

தமையனார் ஊசி போட்டுக்கொண்டபின் இட்லி வர ஐந்து நிமிஷம் தாமதமானால் அண்ணி படுகிற பாட்டை அவன் பார்க்கட்டும். நாளைக் காலை வரச் சொல்லியிருக்கிறேன்.