சாலே ஆற்றங்கரையில் கொன்றை வேந்தன்



பள்ளி விடுமுறையில் நானும் என் துணைவியாரும் ஜெர்மனிக்குச் சென்று வந்தோம். லைப்சிக் நகரில் பணிபுரியும் மைத்துனர் இல்லத்தில் தங்கியிருந்தபோது, ஒரு பகலை எங்களுக்கென ஒதுக்கிக்கொண்டு, அரைமணி நேரத் தொடர்வண்டிப் பயணத்தில் ஹாலே நகரை அடைந்தோம். சாலே ஆற்றங்கரையில் உப்பு காய்ச்சிச் செழித்த பழம்பெரும் நகரம் அது. இசைமேதை ஹேன்டல் 1685இல் பிறந்த ஊராதலால் சந்தைச் சதுக்கத்தில் அவருக்குச் சிலை உண்டு. எல்லாரையும் போல நாங்களும் அதனருகே நின்று படமெடுத்துக்கொண்டோம். ஆயினும் நான் அவ்வூருக்குச் சென்றது வேறொருவரின் பொருட்டு.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற நாளில் சீகன்பால்கு என்னும் பெயரைத் தேர்வுக்காக மனனம் செய்திருக்கிறேன். ஹாலேயில் சில காலம் கற்ற அவர், 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியவர். சமயம் பரப்ப வந்தவர்தாம், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் தமிழைக் கற்க அவர் செய்தது என்ன தெரியுமா? திண்ணைப்பள்ளிச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதிப் பழகினார். முதலாம் ஆண்டு மாணவர்க்கு அரிச்சுவடி கற்பிக்கும் எனக்கு அவர்மேல் தனிப்பற்று ஏற்பட இந்த ஒரு செய்தியே போதுமானதாக இருந்தது.

இரண்டே ஆண்டுகளில், 1708இல், தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் எழுதினார். அதே ஆண்டில் கொன்றை வேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். செலாயாங்கில் நம் பிள்ளைகள் காலையில் ஓதும் அதே கொன்றை வேந்தன்! ஹாலேயில் வார்க்கப்பெற்ற தமிழ் எழுத்துகள் 1713இல் கப்பலில் தரங்கம்பாடி சேர்ந்தன. 1716இல் அவருடைய தமிழ் இலக்கண நூல் ஹாலேயிலேயே அச்சாயிற்று.

பிராங்கே என்பார் தொடங்கிய அநாதை இல்லமும் பள்ளிகளும் இன்றும் அங்கே நிற்கின்றன. மேல்மாடத்து அரும்பொருள் அறையில் ஒரு முதலை கூரையிலிருந்து தொங்குகிறது. துணைவியார் அதைக் கண்டு நகைத்தார். பின்னர் ஓலைச்சுவடியைக் கண்டதும் அமைதியானார். "ஏங்க, இது நம்ம ஊர்ல இருந்திருந்தா யாராச்சும் வெச்சிருந்திருப்பாங்களா?" என்றார்.

எனக்கு விடை கூற இயலவில்லை. நான் பயின்ற தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி மூடப்பட்டபோது, மாணவர் வருகைப் பதிவேடுகள் அனைத்தும் ஒரே மாலையில் எரிக்கப்பட்டன. என் தந்தையார் பெயரும் அவற்றில் இருந்தது. பெயர்களைப் படியெடுத்துக்கொள்ள ஒரு வாரம் தவணை கேட்டோம். "பழைய குப்பைதானே" என்றார்கள்.

சீகன்பால்குவின் மற்றொரு நூலை இங்கே குறிப்பிட வேண்டும். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதியனுப்பியதை ஹாலேயில் இருந்தோர் விரும்பவில்லை. அச்சமயத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர் அதைப் பற்றி ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர்களது சினம். அது 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. பின்னர், அதன் மூல வடிவத்தை 2003இல் ஹாலே நிறுவனமே பதிப்பித்தது. வேண்டாமென ஒதுக்கியதையும் அழியவிடாத அந்தப் பண்பைத்தான் நான் வியக்கிறேன். விருப்பமானதைப் பேணுவது எவர்க்கும் எளிது.

மாலையில் ஆற்றங்கரையில் சற்று நடந்தோம். குளிர் தாங்கவில்லை. அவ்வூர்ப் புகழ்பெற்ற ஹலோரன் சாக்லெட்டு இரண்டு பெட்டிகள் வாங்கிக்கொண்டு தொடர்வண்டி ஏறினோம்.

நாடு திரும்பிய பின், தலைமையாசிரியரிடம் இசைவு பெற்று எங்கள் பள்ளியின் பழைய பொருளறையைத் திறந்தேன். பதினொரு பதிவேடுகள் கிடைத்தன. இரண்டைக் கரையான் அரித்துவிட்டது. மற்றவற்றைத் துணைவியார் சனிக்கிழமைதோறும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வருகிறார். இப்போது நான்காவது ஏட்டில் இருக்கிறார்.