மேஸ்திரி தடுத்தார்

எங்கள் மண் வீட்டின் தெற்குச் சுவர் பிளந்தபோது, 'மேஸ்திரிக்கு வேலை தெரியவில்லை' என்று ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். அது பொய். பிளந்ததற்குக் காரணம் நான்.

திண்டிவனத்துக்குக் கிழக்கே செம்மண் பூமி. குழி தோண்டிய மண்ணையே வைக்கோல் சேர்த்து மிதித்து, நானும் மனைவியும் மேஸ்திரியோடு நின்று எழுப்பிய வீடு அது. மேலே கைமரமும் மங்களூர் ஓடும். சுவர் முடிந்ததும் மேஸ்திரி, "தலையில சுத்தி ஒரு பெல்ட் கான்கிரீட் போட்டுடலாம் தம்பி" என்றார். என் வீட்டில் சிமெண்ட் ஒரு பிடிகூடச் சேரக்கூடாது என்று மறுத்தேன். "அப்ப பனங்கட்டையாவது சுத்திப் பூட்டலாம்" என்றார். அதற்கும் காசில்லை என்றேன். காசு இருந்தது. சோலாருக்காக எடுத்து வைத்திருந்தேன்.

நம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். இரண்டு மின்விசிறி, விளக்குகள், ஒரு சின்ன ஃபிரிட்ஜ் இருக்கும் வீட்டுக்கு அதுவே மிச்சம். நான் 3 கிலோவாட் போட முடிவு செய்தேன். மத்திய அரசின் மானியம் ஒரு கிலோவாட் போட்டால் 30,000 ரூபாய், மூன்று போட்டால் 78,000 ரூபாய் என்று மனைவியிடம் கணக்குக் காட்டினேன். உள்ளுக்குள் இருந்த காரணம் வேறு. சாலையில் போகிறவர்கள் கூரையை அண்ணாந்து பார்த்து என்னைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கு இரண்டு பேனல் போதாது, ஆறு வேண்டும்.

விஷயம் தெரிந்து மேஸ்திரி தானாகவே வந்தார். "மண்ணு அழுத்துற பாரத்தைத் தாங்கும். மேல இழுக்கிறதைத் தாங்காது. முற்றத்துல இரும்புக் கால் நட்டு நிறுத்திக்குங்க" என்றார். ஒரு பேனல் 27, 28 கிலோதான், கூரைக்கு இதெல்லாம் ஒரு பாரமா என்று அவரை மடக்கினேன். அவர் எடையைப் பற்றிப் பேசவே இல்லை. தெற்கே சாய்த்து வைத்த பேனலின் வடக்கு விளிம்பு தூக்கி நிற்கும். அந்த இடைவெளியில் புகும் காற்று முழுச் சட்டத்தையும் மேலே தூக்கும். அதைத்தான் சொன்னார். எனக்குப் புரிந்தது. புரியாதவன்போல் நின்றேன்.

பேனல் பூட்ட வந்தவர்கள் கான்கிரீட் மாடிகளுக்குப் பழகியவர்கள். சுவருக்கு மேல் பெல்ட் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றேன்.

நவம்பர் புயல் மழையில் அது நடந்தது. சட்டம் கைமரங்களை உலுக்க உலுக்கச் சுவரின் தலை உடைந்து, ஓடு நகர்ந்து, மழை நேராக மண்ணுக்குள் இறங்கியது. கரண்ட் போனாலும் இனி நம் வீட்டில் விளக்கு எரியும் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். பேட்டரி இல்லாமல் லைனோடு இணைத்த இன்வெர்ட்டர், கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவர் உயிருக்காக வைத்த ஏற்பாடு. அதைக்கூட நான் விசாரிக்கவில்லை. எழுபது வயதைத் தாண்டியவரை இருட்டில், விழுகிற மண்ணுக்கு நடுவே தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

விடிந்ததும் கூடியவர்களிடம்தான் மேஸ்திரியைச் சொன்னேன். சோலாரைச் சொன்னால் என் ஆசையைச் சொல்ல வேண்டும். பெல்ட்டைச் சொன்னால் என் பிடிவாதத்தைச் சொல்ல வேண்டும். அவர் ஒருவரைச் சொல்லிவிட்டால் இரண்டும் மறைந்துவிடும். அவர் வந்து பார்த்தார். எல்லார் முன்னாலும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்று நான் மறுத்திருப்பேன்.

சுவரைத் திரும்ப எழுப்பிவிட்டோம், இம்முறை பெல்ட்டோடு. இரண்டு பேனல்கள் முற்றத்தில் இரும்புக் காலில் நிற்கின்றன, மற்றவற்றை விற்றுவிட்டேன். ஆனால் பக்கத்துத் தெருவில் மண் வீடு கட்ட மேஸ்திரியைப் பேசி வைத்திருந்தவர், என் பேச்சைக் கேட்டு அவரை விட்டுவிட்டார். போன வாரம் அந்தப் பக்கத்துத் தெருக்காரர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். செங்கல் இறக்கியாகிவிட்டது, வேறு ஆளுக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது என்றார். மேஸ்திரி இப்போது சென்னையில் தினக்கூலிக்குப் போகிறார். பொங்கலுக்கு ஊருக்கு வருவார் என்று அவர் மகள் சொன்னாள். ஊரில் யார் யாரிடம் பொய் சொன்னேனோ, அவர் வருவதற்குள் அத்தனை பேரிடமும் இதைச் சொல்லி முடிக்க வேண்டும்.