தாய்மாமனுக்கு வரும் போன்

எங்கள் சொந்தத்தில் எந்த வீட்டுப் பையன் குடித்துவிட்டு வந்து மாட்டிக்கொண்டாலும் எனக்குப் போன் வந்துவிடும். காதுகுத்துக்கு மடி, சடங்குக்குச் சீர், கல்யாணத்துக்கு மாலை என்று தாய்மாமனுக்கு எத்தனையோ கடமைகள் உண்டு. இந்தக் கடமை மட்டும் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆனால் திண்டுக்கல், மதுரைப் பக்கம் தங்கச்சிமாரைக் கட்டிக்கொடுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் தலையாட்டுவார்கள். காலையில் காப்பி குடிப்பதற்கு முன்னால் தங்கை கூப்பிட்டு, “அண்ணே, ஒரு எட்டு வந்துட்டுப் போங்கண்ணே” என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினால், ஒன்று அவள் மாமியாருக்கு முடியவில்லை. இல்லையென்றால் பிள்ளை ராத்திரி தள்ளாடி வந்திருக்கிறான்.

போய்ப் பார்த்தால் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒரே காட்சிதான். அப்பா திண்ணையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா அடுப்படியில் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாக வைப்பாள். அப்பத்தா இருக்கிற வீடென்றால், “பச்சப்புள்ளக்கி யாரோ கலந்து குடுத்துட்டாய்ங்கய்யா” என்று வருகிறவர்களிடமெல்லாம் சாட்சி சொல்லும். பச்சைப்பிள்ளை உள்ளறையில் போர்வையை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு தூங்குவதுபோலப் படுத்திருக்கும். கால் கட்டைவிரல் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.

வாசனையை மறைக்க இவர்கள் கையாளுகிற வித்தை எல்லாம் பழசு. கொய்யா இலையை மெல்வது எங்கள் காலத்துப் பீடிக்கு வந்த வைத்தியம். அப்புறம் ஏலக்காய், பாக்கு. இப்போது ஹால்ஸும் சூயிங்கமும். ஒன்றும் பலிக்காது. குடித்தது ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக மூச்சில் வெளியே வருகிறது. வாயைக் கொப்பளித்து என்ன செய்ய? போலீஸ்காரர் ஊதச் சொல்கிற கருவி வேலை செய்வதே இந்த மூச்சை நம்பித்தான். அம்மாக்களுக்கு அந்தக் கருவியும் வேண்டாம். என்றைக்கும் இல்லாமல் வாசலிலேயே செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, “நான் சாப்ட்டேம்மா, நீ படும்மா” என்று பணிவாகப் பேசுகிற பதினேழு வயதுப் பையன் உலகத்தில் கிடையாது.

தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பையன்களும் அதை மதித்து, கடைக்குத் தாங்களே போவதில்லை. தெருவில் 22 வயதில் வேலை இல்லாத ஓர் அண்ணன் இருப்பான். அவன் வாங்கிக் கொடுத்துவிட்டுத் தன் பங்குக்கு ஒரு கட்டிங் எடுத்துக்கொள்வான். கண்மாய்க் கரை, கட்டி முடிக்காத வீட்டு மொட்டை மாடி, கல்யாண மண்டபத்துப் பின்பக்கம், இவைதாம் இடங்கள். பிளஸ் டூ கடைசிப் பரீட்சை, புத்தாண்டு ராத்திரி, கோயில் கொடை, சேக்காளி அக்கா கல்யாணத்து முதல் நாள், இவைதாம் நாட்கள். தொட்டுக்கொள்ள மிக்சர், கலக்க கலர். முதல் தடவை குடிக்கிறவனுக்குக் கலர் இனிப்பில் எதுவும் தெரியாது. தெரியும்போது நேரம் கடந்திருக்கும்.

அளவு தெரியாமல் குடிப்பதுதான் இதில் உண்மையான ஆபத்து. அந்த அளவை எந்த வீட்டிலும் யாரும் கேட்பதில்லை. ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. நம் ஊர் பிராந்தியில் 42.8 சதவீதம் ஆல்கஹால். கணக்குப் போட்டால் ஒரு குவார்ட்டரில் ஏறக்குறைய 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. மருத்துவர்கள் 10 கிராமை ஓர் அளவு என்று வைத்துக் கணக்கிடுவார்கள். அப்படியானால் ஒரு குவார்ட்டருக்குள் ஆறு அளவு அடங்கியிருக்கிறது. 50 கிலோகூட எடை இல்லாத பையன், சாப்பிடாத வயிற்றில், கெத்துக்காக அரைமணி நேரத்தில் இதை உள்ளே தள்ளினால் அவன் ரத்தத்தில் ஏறுவது, வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பைப்போல ஐந்து மடங்குக்குக் குறையாது. அந்த வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம். பெரியவர் ஒருவர் பல வருஷம் பழகித் தாங்குகிற அளவை இவன் முதல் நாளே எடுத்துக்கொள்கிறான். வாந்தி வந்தால் நல்லது என்றுதான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அன்று ராத்திரி வீட்டில் நடப்பதைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சல்தான் வரும். தலையில் ஒரு குடம் தண்ணீர். எலுமிச்சம்பழம், மோர், கடுங்காப்பி. இதில் எதுவும் போதையை இறக்காது. ஈரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும், அதை அவசரப்படுத்த மருந்து கிடையாது. நடுவில் அப்பா பளாரென்று ஒன்று வைப்பார். நினைவு சரியாக இல்லாதவனை அடித்து என்ன கண்டோம்? காலையில் அவனுக்கு அது ஞாபகம்கூட இருக்காது. அடித்தவருக்குத்தான் கை வலிக்கும். அப்புறம் “தூங்கட்டும், காலையில வச்சுக்கிறேன்” என்று மல்லாக்கப் படுக்கப்போட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். இதுதான் எல்லாவற்றிலும் மோசம். மல்லாந்து கிடப்பவனுக்கு வாந்தி வந்தால் அது மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கத்தில் ஒருவர் முழித்திருக்க வேண்டும். எழுப்பினால் எழவில்லை, மூச்சு மெதுவாக விட்டு விட்டு வருகிறது, உடம்பு சில்லிட்டிருக்கிறது என்றால் 108-ஐக் கூப்பிட வேண்டும். அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடும் என்று தயங்குகிற வீடுகளை எனக்குத் தெரியும்.

விசாரணை காலையில் தொடங்கும். முதல் கேள்வி எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: “யார் கூடடா?” என் பிள்ளை நல்லவன், சேர்க்கைதான் கெட்டது என்று நிறுவுவதற்கான கேள்வி அது. எதிர் வீட்டிலும் அதே நேரத்தில் அதே கேள்வி ஓடிக்கொண்டிருக்கும், இவன் பெயர் அங்கே அடிபடும். இரண்டாவது கேள்வி, “யாராச்சும் பாத்தாங்களா?” மானம் போயிற்றா, இருக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும். எவ்வளவு குடித்தாய், எப்படி வீடு வந்தாய், வண்டியை யார் ஓட்டியது என்று கேட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

போன வருஷம் பரீட்சை முடிந்த மறுநாள் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பையனின் அப்பா எனக்கு மாப்பிள்ளை முறை. “நீங்களே கேளுங்க மச்சான், நான் கேட்டா கொலை விழும்” என்றார். பையனை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தோம். கண் சிவந்து, உதடு காய்ந்து, அழுதும் முடித்திருந்தான். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “அப்பா சனிக்கெழம சனிக்கெழம பிரிட்ஜ்ல வச்சுக் குடிக்கும்போது நான்தான் மாமா ஐஸ் எடுத்துக் குடுப்பேன்.”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இருக்கிறவர்கள் சொல்லுங்கள்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. வேலைக்கு ஒழுங்காகப் போகிறவர், வாரத்தில் ஒரு நாள் வீட்டுக்குள்ளேயே குடிக்கிறவர், யாரையும் ஒரு வார்த்தை சொல்லாதவர். கார்த்திகையில் மாலை போட்டால் ஒரு மண்டலம் தொடவே மாட்டார். மலைக்குப் போய்த் திரும்பி மாலையைக் கழற்றிய வாரமே பிரிட்ஜில் பாட்டில் வந்துவிடும். இதை அந்த வீட்டுப் பிள்ளை ஐந்து வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். அப்பாவால் நிறுத்த முடியும், ஆனால் நிறுத்த விருப்பமில்லை என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். “நான் சம்பாதிக்கிறேன், குடிக்கிறேன்” என்று அப்பா சொன்னால், “நானும் சம்பாதிச்சதும் குடிச்சுக்கலாமா?” என்ற கேள்வி அவன் நாக்கு நுனியில் நிற்கிறது. கேட்டால் செருப்பு பறக்கும் என்பதால் கேட்பதில்லை.

எங்கள் அப்பா வளர்ந்தது மதுவிலக்கு இருந்த மாகாணத்தில். 1948 முதல் 1971 வரை இங்கே முழு மதுவிலக்கு. கள்ளச்சாராயம் ஓடியது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் குடிப்பவன் ஒளிந்து குடித்தான். 2003 நவம்பரில் அரசே டாஸ்மாக் மூலம் சில்லறைக் கடைகளை நடத்தத் தொடங்கியது. அந்த வருஷம் பிறந்த குழந்தைகள் இப்போது 21 தாண்டிவிட்டார்கள். அவர்களுக்கும் அவர்களுக்குப் பின் வந்தவர்களுக்கும் சாராயக்கடை என்பது ரேஷன் கடை, தபாலாபீஸ் மாதிரி இன்னோர் அரசு வாசல். 2016-ல் 500 கடை, 2017-ல் 500 கடை, 2023-ல் 500 கடை மூடினார்கள். மூடாத கடையின் கூட்டத்தில் பள்ளிக்கூடப் பையன் பாதை கேட்டு விலகி நடக்கிறான். பெற்றோரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனசு வராததற்கு இதுவும் காரணம்.

விசாரணைக்குப் பிறகு சத்தியம். அம்மா தலையில் கை வைத்து “இனிமே தொட மாட்டேன்” என்று சொல்லவைப்பார்கள். இல்லாவிட்டால் குலசாமி கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டிவிடுவார்கள். எனக்கு இந்தச் சத்தியத்தில் கொஞ்சமும் நம்பிக்கை இல்லை. சாமி நம்பிக்கை இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பதினேழு வயதில் பயந்து செய்கிற சத்தியத்தை அவன் ஆறு மாதத்தில் எங்கோ ஒரு கல்யாணத்தில் மீறுவான். மீறிய பிறகு அவன் மனசில் நிற்பது “குடித்துவிட்டோம்” என்பதல்ல, “அம்மாவைக் கொன்றுவிட்டோம்” என்பது. அந்தப் பாரத்தோடு அவன் வீட்டில் வாய் திறக்கவே மாட்டான். அடுத்த தடவை மாட்டிக்கொள்ளாமல் இருப்பது எப்படி என்பதை மட்டும் நன்றாகக் கற்றுக்கொள்வான். சேக்காளி அறையில் தங்கிவிட்டு, “கம்பைன் ஸ்டடி” என்று மெசேஜ் வரும்.

சில அப்பாக்கள் அடிக்கவும் மாட்டார்கள், சத்தியமும் வாங்க மாட்டார்கள். பேச்சை நிறுத்திவிடுவார்கள். “அவனைச் சாப்பிடச் சொல்லு” என்று அவன் முன்னாலேயே அம்மாவிடம் சொல்வது. மாதக்கணக்கில் இப்படி ஓடிய வீடு உண்டு. பையன் திருந்தினானா என்றால், இல்லை. கல்லூரிக்குக் கோயம்புத்தூர் போன பிறகு தீபாவளிக்குக்கூட இரண்டு நாள் தாமதமாகத்தான் வந்தான். பெண் பிள்ளை மாட்டிக்கொண்டால் எப்படி என்று கேட்கிறீர்களா? அப்போது தாய்மாமனுக்குப் போன் வராது. அக்கா தங்கைகளுக்கே தெரியாமல் மறைத்துவிட்டு, பரீட்சை முடிந்ததும் ஜாதகத்தை வெளியே எடுப்பார்கள்.

ஒரு தடவைக் குடியைப் பெரிதுபடுத்தக் கூடாது என்பவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. “ஆம்பளப் பய, வயசுக் கோளாறு” என்று சிரித்து விடுகிற சித்தப்பாக்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அமெரிக்காவில் பெரிய அளவில் நடந்து 1997-ல் வெளிவந்த ஆய்வில், 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் 40 சதவீதம் பேர் பிற்காலத்தில் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள். 20 வயதுக்கு மேல் தொடங்கியவர்களில் அது 10 சதவீத அளவுதான். மூளை முழுதாக வளர்ந்து முடிய இருபதுகளின் நடுப்பகுதி ஆகிறது. சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். ஆகவே தள்ளிப்போடச் செய்வதே பாதி வெற்றி. ஆயுளுக்கும் தொடாதே என்று சத்தியம் வாங்குவதைவிட, “இப்ப வேணாம், ஏன்னா இதுதான் காரணம்” என்று உட்கார்ந்து சொல்வதற்குப் பலன் அதிகம்.

சென்னையில் டி.டி.ரங்கநாதன் பெயரில் ஒரு குடிநோய் சிகிச்சை நிறுவனம் இருக்கிறது. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கியது. 1992-ல் அவருக்கு பத்மஸ்ரீ கொடுத்தார்கள். குடிப்பவரை மட்டும் படுக்கையில் போட்டு வைத்தியம் பார்த்து அனுப்புவதில்லை. குடும்பத்தாரையும் வரவழைத்து உட்காரவைத்துப் பேசுகிறார்கள். நம் வீட்டு விசாரணையில் இதுதான் விடுபட்டுப்போகிறது. எல்லோரும் நீதிபதிகளாக உட்கார்ந்தால் அப்பாவின் சனிக்கிழமையை யார் பேசுவது?

அன்றைக்கு மாடியில் அந்தப் பையனிடம் நான் கேட்டது, “நேத்து எப்படிடா வீட்டுக்கு வந்தே?” என்பதுதான். அவனே பைக் ஓட்டி வந்திருக்கிறான், பின்னால் ஒருவன் துவண்டு சாய்ந்திருக்க, பைபாஸைக் குறுக்கே தாண்டி. “அப்பாவுக்குப் போன் பண்ணிருக்கலாமேடா?” “அப்பாவுக்கா?” என்று என்னைப் பார்த்தான். கீழே இறங்கி வந்து மாப்பிள்ளையிடம் இந்தப் பதிலை மட்டும் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார். யார் கூடக் குடித்தான் என்று அதற்குப் பிறகு என்னிடம் கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் அப்பனும் பிள்ளையும் பேசினார்கள் என்று தங்கை சொன்னாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஐஸ் எடுத்துக் கொடுக்கும் வேலை நின்றுவிட்டது என்று மட்டும் தெரியும்.

இதை வாசிக்கிற பெற்றோருக்குக் கையோடு செய்ய ஒரு வேலை சொல்லிவிடுகிறேன். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் வண்டி கொடுத்த பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. குடித்திருந்தாலும் இல்லாவிட்டாலும் இதுதான் சட்டம். இன்றைக்கே பைக் சாவியை வாங்கி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ராத்திரி, எந்த நிலையில் கூப்பிட்டாலும் வந்து கூட்டிப்போவேன், கேள்வியெல்லாம் மறுநாள்தான் என்று சாவியை வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.