கேரித்தீவில் ஒரு ஞாயிறு

தைப்பூசம் முடிந்த மறுநாள் பிரிக்பீல்ட்ஸில் ஓர் உணவுக்கடையில் அவரைப் பார்த்தேன். நம்மவர் முகம், நெற்றியில் திருநீறு. "ஐயாவுக்கு எந்த ஊர்?" என்று கேட்டேன். சிரித்தார், பதில் வரவில்லை. தமிழ் தெரியாதாம்! அரைகுறை ஆங்கிலத்தில் ரியூனியன் தீவு என்றார். குடும்பப் பெயர் நம் பாட்டன்மார் பெயர். முதற்பெயர் பிரெஞ்சுப் பெயர்.

பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். அவர் பாட்டி பாடிய மாரியம்மன் பாட்டு, பிரெஞ்சு எழுத்தில் எழுதியிருந்தது. ராகத்தோடு பாடியும் காட்டினார். பிறகு, "இதற்கு என்ன பொருள்?" என்று என்னையே கேட்டார். எனக்குக் காப்பி தொண்டையில் இறங்கவில்லை.

இந்து மாக்கடலில் இருக்கும் அந்தத் தீவு பிரான்சுக்குச் சொந்தம். 1848-இல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவை பெருகியது. புதுச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். கோயில் கட்டினார்கள். காவடியும் தீமிதியும் இன்றும் நடக்கின்றன. பூசாரியை இன்றும் பூசாரி என்றுதான் அழைக்கிறார்கள். ஆனால் பிள்ளைகளுக்குக் கிடைத்தது பிரெஞ்சுப் பள்ளி. தெருவில் கிரியோல் பேச்சு. மூன்று நான்கு தலைமுறையில் தமிழ் வீட்டை விட்டே போய்விட்டது. இப்போது சங்கம் வைத்து, பெரியவர்களே அகரம் படிக்கிறார்கள்.

இந்த நினைவோடுதான் அடுத்த ஞாயிறு கேரித்தீவுக்குப் போனேன். அக்காள் மகள் குடும்பத்தோடு காரில் அழைத்துப் போனாள். அவள் மகள் அடுத்த ஆண்டு முதலாம் வகுப்பு. கிள்ளானில் ஏறியதிலிருந்து கணவன் மனைவிக்குள் ஒரே வாக்குவாதம், தமிழ்ப்பள்ளியா, வேறு பள்ளியா என்று. நான் வாய் திறக்கவில்லை.

தெலுக் பங்லிமா காராங் தாண்டி, பாலத்தைக் கடந்தால் தீவு. இருபுறமும் செம்பனை. எட்வர்ட் வாலண்டைன் கேரி என்ற தோட்டத்துரையின் பெயரே தீவுக்கு நிலைத்துவிட்டது. ஆனால் இங்கே பழங்காலந்தொட்டு வாழ்கிறவர்கள் மா மெரி என்னும் பூர்வகுடி மக்கள். மா என்றால் மக்கள், மெரி என்றால் காடு.

சுங்கை பும்புன் கிராமத்தில் ஒரு பெரியவர் நீரே பத்து என்னும் சதுப்புநில மரத்தில் முகமூடி செதுக்கிக்கொண்டிருந்தார். மலாயில் பேச்சுக் கொடுத்தேன்.

"பாச்சிக், உங்கள் பாஷையைப் பேரப்பிள்ளைகள் பேசுகிறார்களா?"

உளியை நிறுத்தினார். "நான் பேசினால் புரிந்துகொள்வார்கள். பதில் மலாயில்தான் வரும். பள்ளியில் எங்கள் பாஷை இல்லையே. உங்களுக்குப் பள்ளி இருக்கிறது."

அவர் கை காட்டிய திசையில் தோட்டமும் கோயிலும். அதே தீவில் நம் பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. தீவின் பழங்குடிக்கோ தன் மொழியில் ஒரு பள்ளி இல்லை!

நமக்கு இது தானாக வந்ததல்ல, வாசக அன்பர்களே. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கச் சொன்னது. கொட்டகையிலும் கோயில் திண்ணையிலும் தொடங்கி, நம் பெற்றோர் அதைக் கட்டிக் காத்தார்கள். இன்று நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஆனால் பல பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்து வருகிறார்கள்.

பிரான்சுக்குச் சொந்தமான இன்னொரு தீவு நியூ கலிடோனியா. அங்கே கனாக் பழங்குடியினருக்கு 28 மொழிகள். நெடுங்காலம் பள்ளியில் அவற்றுக்கு இடமில்லை. போராடித்தான், 1998-ஆம் ஆண்டு நூமியா உடன்படிக்கையில், பிரெஞ்சோடு அவையும் கல்வி மொழிகள் என்று ஏற்க வைத்தார்கள். இல்லாதவர்கள் கேட்டுப் போராடுகிறார்கள். இருக்கிற நாம் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

திரும்பும்போது காரில் நோட்டுப் புத்தகக்காரர் கதையைச் சொன்னேன். யாரும் பேசவில்லை. கிள்ளான் நெருங்கியபோது அக்காள் மகள் மெல்லக் கேட்டாள்: "மாமா, தமிழ்ப்பள்ளியில் பெயர் பதிய என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?"

பிறப்புப் பத்திரம் முதலில் என்றேன்.